நெகட்டிவ் ஆன பிறகு

புதிதாகப் பரவும் காய்ச்சலைப் பற்றிய பத்திரிகையாளர் சந்திப்புக்கு இன்று காலை போயிருந்தேன். வாசலில் மறுபடியும் சானிடைசர். ஊழியர் ஒருவர் என் கையில் பீச்சினார். அந்த ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது நாம் இருவரும் உன் ஸ்கூட்டரில் சுற்றினோம். வேறு வேறு பத்திரிகை என்பதெல்லாம் அப்போது மறந்தே போயிருந்தது. கிழக்கேகோட்டைக்குப் பின்னால், ஓட்டல் தொழிலாளிகள் வாடகைக்கு இருந்த சந்தில், அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தவள் நீ. அவள் புருஷன் பரோட்டா மாஸ்டர், தென்காசிப் பக்கம். கொரோனா என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெஸ்ட் நெகட்டிவ் ஆனது; மூச்சு சீராகவில்லை. அங்கேயே இறந்துபோனார். சான்றிதழில் ஈரல் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"குடிச்சே செத்துட்டான்னு சொந்தக்காரவுகளே பேசுதாவ அக்கா. எங்க வீட்டுக்காரவுக வெத்தல கூடப் போடமாட்டாவ" என்றாள்.

நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். யாரும் யாரையும் தொடாத காலம் அது.

உன் செய்தியை அதிகாரிகள் பத்திரிகையாளர் சந்திப்பில் மறுத்தார்கள். நெகட்டிவ் ஆனவர்களின் சாவைக் கொரோனாக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார்கள். நீ எழுந்து, "நெகட்டிவ் ஆனா நுரையீரலும் சரியாயிடுமா சார்?" என்று கேட்டாய். யாரோ சிரித்தார்கள். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நீ அதே போல் இறந்தவர்களின் வீடுகளைத் தேடி, எழுதிக்கொண்டே இருந்தாய்.

அடுத்த அலையில் உனக்கும் கொரோனா வந்தது. உனக்கு நெகட்டிவ் ஆனதை நீயே போனில் சொன்னாய், இருமலுக்கு நடுவில். "இனிமே நான் செத்தா கணக்குல வரமாட்டேன் பாத்துக்கோ." நாம் இருவரும் சிரித்தோம். அந்த வாரமே போய்விட்டாய். நிமோனியா என்று எழுதினார்கள்.

விடுபட்ட சாவுகளையும் கொரோனாக் கணக்கில் சேர்க்க அரசாங்கம் மனு வாங்கத் தொடங்கியதும் கரமனையில் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அவ இருந்து கேட்டப்போ பதில் சொல்லலை. இப்போ எழுதிக் குடுத்து என்ன ஆகப்போறது? விட்டுடும்மா" என்றார். பிறகு, "காபி சாப்பிடறயா?" என்று கேட்டார். சாப்பிட்டேன். மறுபடி வற்புறுத்தவில்லை. எந்தக் கணக்கிலும் நீ இல்லை.

இன்று மதியம் அலுவலகத்தில் இருந்தபோது அந்தப் பரோட்டா மாஸ்டரின் மனைவி கூப்பிட்டாள். பலமுறை திருப்பி அனுப்பிய மனுவை ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்களாம். கொரோனாவில் இறந்தார் என்று எழுதிய புதுச் சான்றிதழைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் அனுப்பிவிட்டாளாம்.

"அந்த அக்கா நம்பர் போகவே மாட்டேங்கு. நீங்க பாத்தா சொல்லிருங்க, என்ன?"

உனக்கு என்ன ஆனது என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் குடித்துச் சாகவில்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது.