குளோரின் கூடத்தின் கூரையடியில்

ஜூன் 3, செவ்வாய்
ஆலையின் குளோரின் கூடத்தில் மின்கம்பிகளைத் தாங்கிச் செல்லும் கேபிள் ட்ரேக்கான வரைபடத்தை முடித்தேன். இரும்பு அங்கே ஒரு வருடம் நிற்காது, காற்றே தின்றுவிடும். அதனால் எல்லாம் ஃபைபர்கிளாஸ். ஆறடிக்கு ஒரு தாங்கி போட்டிருந்தேன். மேலாளர் கார்லண்ட் அதை அடித்துவிட்டுப் பத்தடி என்று எழுதினார்.
"பத்தடி தாங்கும்னு செஞ்சவனே புத்தகத்துல போட்டிருக்கான், ஒடீல்."
அது சாதாரணச் சூட்டுக்கு. லூசியானா ஆகஸ்டில், அந்தக் கூரையடியில், ஃபைபர்கிளாஸ் இளகும். சொன்னேன். "இருபது நாள்ல முடிச்சாகணும்" என்றார்.
மாற்றினேன். கையெழுத்தும் போட்டேன்.
கர்ட்டிஸுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். என் வேலையோடு வரும் இன்சூரன்ஸில்தான் என் கணவர் உயிரோடு இருக்கிறார். இதை ஏன் இங்கே எழுதுகிறேன்?

ஜூன் 19
ட்ரே பொருத்தும் ஃபோர்மேன் ஆல்சீட் வரைபடத்தோடு வந்தார். கையெல்லாம் ஃபைபர் தூசி, சொறிந்துகொண்டே கேட்டார்: "ஏம்மா, இத நீதான் போட்டியா? இல்ல, யாராச்சும் உன் கையப் புடிச்சுப் போட வச்சாங்களா?"
வேடிக்கையாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஜூலை 14
நடைபாதைக்கு மேலே ட்ரே மூன்று விரற்கடை தொங்குகிறது. போன வாரம் ஒன்றுதான். கார்லண்டுக்கு மூன்றாவது கடிதம் எழுதினேன். பதில் ஒரே சொல்: "பார்த்தேன்."

ஜூலை 17
நாலு விரல்.

ஜூலை 21, திங்கள்
நேற்று ஆல்சீட் தன் ஆட்கள் இருவரோடு வந்து, மிச்சம் கிடந்த துண்டுகளை வெட்டி, ஒவ்வொரு பத்தடிக்கும் நடுவில் ஒரு தாங்கி வைத்துவிட்டார். வெட்டிய முனைகளில் குளோரின் புகாமல் பிசின்கூடப் பூசியிருக்கிறார். அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. காலையிலேயே அடையாள அட்டையைப் பிடுங்கி அனுப்பிவிட்டார்கள்.
வாசலில் பிடித்தேன். "நான் போய்ப் பேசுறேன்."
"என்னத்தப் பேசுவ? கர்ட்டிஸப் பாரு, போ. முப்பது பேரு அதுக்கடியில நடக்குறாங்க. மனசு கேக்கல, அவ்ளோதான்."
கார்லண்டின் அறை வாசல்வரை போனேன். வாசல்வரைதான் – சே, என்ன மனுஷி நான்?

ஆகஸ்ட் 12
கூரையடியில் நூற்று முப்பது டிகிரி ஃபாரன்ஹீட். ட்ரே அசையவில்லை.

செப்டம்பர் 9
தலைமையகத்திலிருந்து வந்திருந்தார்கள். கார்லண்ட் மேலே கை காட்டினார்: "பத்தடி இடைவெளி. ஒரு கோடை முழுக்க நின்னிருக்கு, பாருங்க." நடுவில் நிற்கும் தாங்கிகளை யாரும் எண்ணவில்லை. அடுத்துக் கட்டப்போகும் இரண்டாவது கூடத்துக்கும் இதே அளவு போதும் என்று முடிவாயிற்று. ஒருவர் என் பக்கம் திரும்பி, "உங்க டிசைனா? பிரமாதம்" என்று கை நீட்டினார்.
குலுக்கினேன்.

செப்டம்பர் 10
ஆல்சீட்டுக்கு போன் செய்து எல்லாம் சொன்னேன். இப்போது இறால் படகில் வேலையாம். "பெரிய படிப்புப் படிச்சவங்க, எண்ணத் தெரியல பாரு" என்று வெகுநேரம் சிரித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இந்தத் தடவ நான் உள்ள வர முடியாதேம்மா."

செப்டம்பர் 15
இரண்டாவது கூடத்தின் வரைபடம் இன்று போனது. பத்தடிக்கு ஒரு தாங்கி. கீழே என் கையெழுத்து.