அத்தருக்குப் போன சீரகம்

மார்ச் 4

மசாலாக் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

எங்கள் நிறுவனத்தின் புதிய அத்தருக்கு இரண்டு கிலோ சீரகம் தேவை. ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, சொட்டுச் சொட்டாகச் சேர்ப்போம். உங்கள் கடையைத் தேர்ந்தெடுத்தது கொள்முதல் பிரிவு, நான் அல்ல.

இருபத்திரண்டு வருடமாக என் கலவை ஒன்றுகூட விற்பனைக்குப் போனதில்லை. இதுவும் போகாவிட்டால் என்னைக் கிடங்குக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே கல், தூசி கூடாது.

உன் கல்யாணத்தைத் தையல்காரர் சொல்லித் தெரிந்துகொண்டவன் நான். ஒன்பது வருடமாகியும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
கலவைப் பிரிவு


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

கலவைப் பிரிவுக்கு வணக்கம். சீரகம் அனுப்பிவிட்டேன். கல்லை நானே உட்கார்ந்து பொறுக்கினேன். "உங்கண்ணன் மூக்குக்கு இது பத்தாது, குளிப்பாட்டி பவுடரும் போட்டு அனுப்பு" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை.

அன்று உங்களிடம் சொல்லாதது தப்புதான். வேண்டாம் என்றுவிடுவீர்களோ என்று பயம். தையல்காரர் முந்திக்கொண்டார்.

தங்கை


மார்ச் 21

அம்மையீர்,

வறுத்தா அனுப்புவார்கள்? பச்சைச் சீரகத்தில்தான் உடம்புச் சூடு போல ஒரு வாடை இருக்கும். அத்தருக்கு வேண்டியது அது. ஊறவைத்த பிறகுதான் கவனித்தேன். மேலாளர் தன் சட்டையில் தெளித்துப் பார்த்துவிட்டு, பதினைந்து பேர் முன்னால், "என்னய்யா இது, தெளிக்கவா, தாளிக்கவா?" என்றார்.

இதையும் மறக்க மாட்டேன்.

கலவைப் பிரிவு


மார்ச் 26

அண்ணா,

பச்சைச் சீரக வாடை பட்டாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவீர்களே! உங்களுக்கு என்றதும் கை தானாக வறுத்துவிட்டது. உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாதே? பச்சையாக இரண்டு கிலோ இதோடு வருகிறது.

தங்கை


ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

பச்சை வேண்டாம். மேலாளர் அதே சட்டையோடு மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார். வழக்கமாகக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடும் அந்த மாமியார், "என்ன மாப்ளே, இன்னிக்கு இவ்ளோ நல்லா மணக்குறீங்க? உக்காருங்க" என்றாராம். மறுநாளே என் கலவைக்குக் கையெழுத்து!

ஆனால் அதே பக்குவத்தில் நூறு கிலோ வேண்டும். நான் மூன்று தடவை வறுத்தேன், மூன்றும் கரி. எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்று எழுதவும்.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

நிமிடமெல்லாம் யார் பார்த்தது? மூக்கு சொல்லும், இறக்குவேன். அதை எழுதத் தெரியவில்லை. அடுப்புப் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.

தங்கை


ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

சனிக்கிழமை காலை வருகிறேன். வேலை விஷயமாக மட்டும்தான். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. தையல்காரர் விவகாரத்தை நான் விட்டுவிடவில்லை. மாப்பிள்ளையிடமும் நேரில் கேட்பேன்.

சீரகம் வறுக்க அரைமணி நேரம் ஆகுமா? நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன்.

அண்ணன்