முப்பத்தொன்றாம் கேசட்

அன்புள்ள அக்காவுக்கு,

சின்ன வயதில் நாம் ஆமை பொம்மையும் கழுதை பொம்மையும் பேசுவதைப் பார்த்தோமே, அந்த அரசாங்க டிவி நிலையத்தை மூடிவிட்டார்கள். அதன் கிடங்கில் கிடந்ததை எல்லாம் ஏலத்தில் மொத்தமாக நான் எடுத்துவிட்டேன். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆறு வருஷமாகப் பேசாதவன் எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கும் என்று உனக்குத் தோன்றும். இருக்கிறது.

மூடிய ஆபீஸ்களை அள்ளி வந்து விற்பது என் பிழைப்பு என்று உனக்குத் தெரியும். நாற்காலி, விளக்குக் கம்பம், ஒயர் சுருள் இவற்றுக்காகத்தான் எடுத்தேன். கூடவே பெட்டி பெட்டியாகக் கேசட்டுகள் வந்தன. எடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முதல் பெட்டியின் மூடியில் ஆமைப் படம் ஒட்டியிருந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை.

ஓட்டிப் பார்க்க ஒரு பழைய பிளேயரைத் தேடிப் பிடித்தேன். ஊரே போன்ல படம் பாக்குது, அண்ணன் மட்டும் குப்பைக்கு வைத்தியம் பாக்கறாரு என்று ரிப்பேர்க்காரர் நக்கலடித்தார். ஓட ஆரம்பித்ததும் அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்று பகுதி பார்த்தார். நடுவில் வந்த வாடிக்கையாளரை, செத்த இருங்க, ஆமை பேசிட்டு இருக்கு என்று நிறுத்தி வைத்தார். என் மகள் இரண்டு நிமிஷம் நின்று பார்த்தாள். கழுதைக்குள்ள கைவிட்டு ஆட்டறவரோட முழங்கை தெரியுதேப்பா என்றாள். நமக்கு அது ஒருநாளும் தெரிந்ததில்லை.

ஆமை தமிழ் பேசும், கழுதை இந்த ஊர்க்காரர்கள் தெருவில் பேசும் மொழி பேசும். ஒன்று கேட்டதற்கு மற்றது தன் மொழியிலேயே பதில் சொல்லும், ஆனாலும் இரண்டுக்கும் எல்லாம் புரியும். நீ கழுதை, நான் ஆமை என்று பிரித்துக்கொண்டோம். விளையாட்டாக ஆரம்பித்தது நின்றபாடில்லை. வளர்ந்த பிறகும் நான் தமிழில் கேட்பேன், நீ அந்த மொழியில் சொல்வாய். நமக்குள் சண்டை வந்தால் அம்மா நடுவில் நின்றுகொண்டு, ரெண்டு பேரும் ஒரே பாஷையில அடிச்சுக்கங்களேன், எனக்கும் விளங்கட்டும் என்பாள். உன்னோடு பேச்சு நின்றதிலிருந்து அந்த மொழி என் காதில் விழுவது சந்தையில்தான். விலை கேட்க மட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் இருவரையும் ஒருமுறை அந்த நிலையத்துக்குள் கூட்டிப்போய் ஆமையோடும் கழுதையோடும் உட்கார வைத்தார்கள் அல்லவா. எனக்கு ஏழு வயது, உனக்குப் பத்து. அது ஒளிபரப்பான அன்று நம் கட்டடத்தில் கரண்ட் இல்லை. ஆமை என்னைக் கேள்வி கேட்டதென்றும், நான் டாண் என்று பதில் சொன்னேன் என்றும் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் கல்யாண மேடையில்கூடச் சொன்னேன். நீ ஒவ்வொரு தடவையும், பேசினது நான்டா என்பாய். பொறாமை பிடிச்ச கழுதை என்று நான் சிரிப்பேன். எல்லோரும் என் பக்கம்தான் சிரிப்பார்கள்.

அது முப்பத்தொன்றாம் கேசட்டில் இருக்கிறது. மத்தியானம் கடை ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாகப் பார்த்தேன். உங்க வீட்ல யாரு முதல்ல எழுந்திருப்பாங்க என்று ஆமை கேட்கிறது. நான் டிரவுசரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறேன். கழுதைப் பக்கம் உட்கார்ந்திருந்த நீ எட்டி வந்து, என் தோளில் கைபோட்டு, தமிழில் சொல்கிறாய். அம்மாதான் முதல்ல எழுந்திருப்பாங்க, இவன் பயந்துட்டான், ஆனா இவனுக்கும் தெரியும் என்று.

நாலு தடவை ஓட்டினேன். நாலு தடவையும் நீதான்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை, அக்கா. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன். அடுக்கிய நாற்காலிகளைக் கலைத்து மறுபடி அடுக்குகிறேன். கடைக்கு வந்தவர் சொன்ன விலைக்கே ஒரு மேசையைக் கொடுத்து அனுப்பினேன். உடம்புக்கு ஏதோ என்று வீட்டில் பயந்துவிட்டார்கள்.

அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உனக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபின் நீ வந்து நின்று ஏன் என்று கேட்டாய். அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள் என்றேன். உனக்கு எது லாபமோ அதுதான்டா உனக்கு ஞாபகம் இருக்கும் என்றாய். அதை நீ தமிழில் சொன்னாய். அதனால்தான் எனக்கு அப்படிச் சுட்டது. நானும் வார்த்தையை விட்டேன், நீயும் கிளம்பிப் போய்விட்டாய்.

அம்மா சொன்னதாகத்தான் ஆறு வருஷமாக எனக்கு ஞாபகம். சத்தியம்கூடச் செய்திருப்பேன். இப்போது அந்த அறையை நினைத்துப் பார்க்கிறேன். ஜன்னல் பக்கக் கட்டில், மூக்கில் குழாய். அக்காகிட்ட இப்ப சொல்ல வேணாம், இல்லம்மா என்று நான் கேட்டு அவள் தலையை அசைத்த மாதிரி இருக்கிறது. அசைத்தாளா, தலையணை சரியில்லாமல் புரண்டாளா என்று தெரியவில்லை. நீ வந்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லியிருப்பாய். எனக்கு அந்த வாரம் கடையை இடம் மாற்றும் வேலை தலைக்கு மேல் இருந்தது. அது மட்டும் நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது. அந்த அறைக்குக் கேசட் இல்லை.

மன்னிப்பு கேட்டு எழுத எனக்கு வராது. பேரம்தான் வரும். கேசட்டுகளை ஒரு நூலகம் கேட்கிறது. அங்கிருந்து வந்த அம்மாள் கெட்டிக்காரி, என்னிடமே விலையைக் குறைத்துவிட்டாள். குழந்தைகள் தோன்றும் பகுதிகளுக்கு அவரவர் கையெழுத்து வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுவார்களாம். என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

உன் பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசீர்வாதம். குளிரில் நடக்காதே, உன் முழங்காலுக்கு ஆகாது. பதில் எழுதினால் உன் மொழியிலேயே எழுது. எனக்கு இன்னும் புரியும்.

உன் தம்பி,
ஆமை

நூலகத்தோடு பேசி முடித்தது இது: நான் எடுத்ததைப் போல இரண்டு மடங்கு விலை, முப்பத்தொன்றாம் கேசட் நீங்கலாக. அதை உன் கையெழுத்து வந்த பிறகு விலையில்லாமல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து தபாலில் வந்தாலே போதும் என்கிறாள் அந்த அம்மாள். கடைக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது நான் சேர்த்த நிபந்தனை. டிக்கெட் செலவு என்னுடையது.