பானெட்டில் உரிந்த பச்சை

மாப்ளே,

என் மேசையின் கீழ் டிராயரை இழுத்தால் இன்றைக்கும் பழைய ஸ்டிக்கர் பசையின் வாசம் அடிக்கிறது. ஏழு வருடமாக அதற்குள் ஒரு பிலிம் துண்டு சுருண்டு கிடந்தது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், மறுபக்கம் உன் அம்பாசிடரின் பச்சை. நேற்றிலிருந்து அது அங்கே இல்லை. வாசம் மட்டும் இன்னும் போகவில்லை. அந்தத் துண்டு எங்கே போயிற்று என்று உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. தாமதம்தான். நான் எதைத்தான் நேரத்துக்குச் செய்திருக்கிறேன்? என் அச்சகத்தில் நான் சொல்லும் டெலிவரி தேதியைக் கேட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் நீதானே.

விருதுநகரில் பத்தாவது வரைக்கும் நமக்கு ஒரே பெஞ்சு. அப்புறம் நான் சிவகாசிக்கு வந்து லேபிள், ஸ்டிக்கர் அடிக்கிற தொழிலில் விழுந்தேன். நீ நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டப் போனாய். மல்லாங்கிணறு பக்கம் கூலிக்குக் களையெடுத்து உன்னை வளர்த்த அம்மாவுக்கு, மகன் கார் ஓட்டுகிறான் என்பதே பெரிய பெருமை. முதலாளி புது வண்டி எடுத்ததும், ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அம்பாசிடரை நீ கேட்டு வாங்கிக்கொண்டாய். முதல் நாளே அதை என் அச்சகத்து வாசலில் நிறுத்தி என் கையைப் பிடித்து பானெட்டின் மேல் வைத்தாய்.

"தொட்டுப் பாருலே. கம்பெனியில இருந்து வந்த பெயிண்டு. ஒரு எடத்துலகூட டச்சப் கெடையாது."

நாலு பேர் முன்னால் "வாங்க பாய், இருங்க பாய்" என்பாய். நாம் இரண்டு பேர் மட்டும் என்றால் ஏலேதான்.

அந்தப் பெயிண்டுக்கு வெயிலும் மழையும் ஒன்றும் செய்யவில்லை. ஜல்லி லாரிதான் எமன். சிவகாசி ரோட்டில் கல் உடைக்கிற கிரஷரிலிருந்து லோடு ஏற்றி வருகிற லாரி ஒவ்வொன்றும் வழியெல்லாம் கல்லைச் சிந்திக்கொண்டே போகும். சிந்திய கல்லை அடுத்த லாரியின் டயர் எற்றிவிடும். அது நேராக வந்து உன் பானெட்டில் 'டிக்' என்று விழும். உனக்கு அந்தச் சத்தம் நெஞ்சில் கேட்கும். வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, எச்சில் தொட்டுத் துடைத்து, எவ்வளவு பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவாய். அப்புறம் ஒரு சட்டம் போட்டாய். முன்னால் லாரி தெரிந்தால் வழியில் ஆமத்தூர் டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். "லாரி போகட்டும்லே, நம்ம டீ குடிப்போம்." அங்கே நாம் குடித்த டீ முழுக்க உன் பானெட்டுக்காகக் குடித்தது. எனக்குச் சர்க்கரை வியாதி வந்ததில் உன் பெயிண்டுக்கும் பங்கு உண்டு.

அப்படியும் கல் பட்டது. எந்தக் கல்லடி ரோட்டில் எந்த இடத்தில் விழுந்தது என்று உனக்கு மனப்பாடம். பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்காமலிருக்க உன் மகள் மாரீஸ்வரியின் நெயில் பாலிஷை எடுத்து ஒரு சொட்டு வைப்பாய். நிறமில்லாத பாலிஷ்தான் வைப்பாய். ஒரு தடவை அது தீர்ந்துபோய், அவசரத்துக்கு ரோஸ் கலரை வைத்துவிட்டாய். பச்சைக்கு நடுவில் ரோஸ் பொட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஈஸ்வரி அதைப் பார்த்து, "வண்டிக்குப் பொட்டு வச்சு விட்டுருக்கீகளேப்பா, பூவும் வாங்கிட்டு வரவா?" என்று கேட்டுச் சிரித்தாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு அந்த வாய். அந்தப் பொட்டை நீ அழிக்கவே இல்லை.

டெய்லரிடம் சொல்லி ரெக்சினில் பானெட்டுக்கு ஒரு மூடி தைத்து மாட்டினாய். அதற்குள் புழுதி புகுந்து, ஓடுகிற ஓட்டத்தில் உரசி உரசி, பளபளப்பே மங்கிவிட்டது. கழற்றி எறிந்தாய். அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயை விட்டேன்.

ஈஸ்வரிக்கு மாசியில் பேசி முடித்து, வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தீர்கள். "எங்க அப்பா வண்டியிலதான் மண்டபத்துல போயி எறங்குவேன்" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நடுவில் மூன்று மாதம், பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போக வேண்டும், அத்தனையும் லாரி ஓடுகிற ரோடு. நீ தவித்த தவிப்பைப் பார்த்து, "அட, நான் எதுக்குலே இருக்கேன்?" என்றேன். போன சீசனில் மத்தாப்புப் பெட்டிக்கு அடித்த ஆர்டரில் கண்ணாடி ஸ்டிக்கர் ரோல் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. அச்சடிக்காத வெறும் பிலிம். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒரே மத்தியானத்தில் பானெட் முழுக்க ஒட்டினோம். இருக்கிறதே தெரியவில்லை.

நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "இந்தப் பசை பெயிண்டுக்கு ஒத்துக்குமாலே?"

"ஊருக்கே ஒட்டிக் குடுக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியாலே இது?"

மூன்று மாதமும் ஒரு கல்கூட பெயிண்டைத் தொடவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் "பாய் போட்டுக் குடுத்த சட்டை" என்று பானெட்டைத் தட்டிக் காட்டினாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், பிலிமை உரித்துவிட்டு பாலிஷ் போடலாம் என்று உன் வீட்டு வாசலில் நின்றோம். நீ மெதுவாக நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு, உனக்குத் தெரியும். ஸ்டிக்கர் நல்ல ஸ்டிக்கரா என்று பார்க்க, பெட்டியில் ஒட்டிக் காயவிட்டு, நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்போம். அட்டையின் தோலும் சேர்ந்து உரிந்து வந்தால் பசை பாஸ். ஸ்டிக்கர் மட்டும் தனியாக வந்தால் ஆர்டர் கொடுத்த பார்ட்டி மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிடுவான். முப்பது வருடமாக என் கைக்கு அந்த ஒரு இழுப்புதான் தெரியும். உன்னை விலக்கிவிட்டு அப்படியே இழுத்தேன்.

பசை பாஸ் ஆகிவிட்டது. மூன்று மாதம் கோடை வெயிலில் வெந்து இறுகிய பசை, முகப்பிலிருந்து பானெட்டின் பாதி வரை, இரண்டு கை அகலத்துக்குப் பச்சையைத் தோலோடு தூக்கிக்கொண்டு வந்தது. கீழே சாம்பல் நிறத்தில் தகரம் தெரிந்தது. நீ என்னை ஏசவில்லை. என் கையிலிருந்த துண்டை வாங்கிச் சுருட்டினாய். "மிச்சத்த உரிக்காதலே" என்று மட்டும் சொன்னாய்.

அப்போதுதான் கையில் மருதாணியோடு ஈஸ்வரி வெளியே வந்தாள். பானெட்டைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்னால் நீ முந்திக்கொண்டாய். "நாந்தாம்மா அவசரப்பட்டு இழுத்துட்டேன்."

"பாய் மாமாவ ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்லப்பா? ஒங்க கை பட்டது எதுதான் உருப்பட்டுருக்கு?"

நான் பக்கத்தில்தான் நின்றேன் மாப்ளே. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அழுதுகொண்டே உள்ளே போனதும் நீ என் தோளைப் பிடித்து, "கல்யாண வீட்டுல ரெண்டு பேரு மொகம் வாடக் கூடாதுலே. எம் மகதான, ஏசுவா, மறந்துருவா" என்றாய். துண்டை என் கையில் கொடுத்து, "எங்கயாச்சும் போட்டுரு, அவ கண்ணுல பட வேண்டாம்" என்றாய். மறுநாள் ஈஸ்வரி வாடகைக் காரில் மண்டபத்துக்குப் போனாள். நீ சீர்ப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அம்பாசிடரில் பின்னாலேயே போனாய். உன் பக்கத்து சீட்டில் குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு நான்.

அவள் மறக்கவில்லை. பிள்ளை பெற்று வந்தபோதும், பொங்கலுக்கு வந்தபோதும், "அப்பா கை வைக்காத எடமாப் பாத்து வண்டிய நிறுத்துங்க" என்று தன் புருஷனிடம் கேலி பேசுவாள். எல்லோரும் சிரிப்போம். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாய். நான் உன்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், "டீ ஆறுதுலே, குடி" என்று பேச்சை அத்தோடு முடித்துவிடுவாய்.

நேற்று அவளே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தாள். ஆமாம், உன் வண்டியை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். நீ வாரா வாரம் எண்ணெய் தொட்டுத் துடைத்துவந்த அந்தத் தகரத்தில் இன்னும் துரு ஏறவில்லை. ஆமத்தூரில் லாரிக்கு நின்று வந்ததாகச் சொன்னாள். இப்போது நான் கார்களுக்கு ஒட்டுகிற சரியான பிலிமும் போடுகிறேன். எந்த வண்டி வந்தாலும் முதலில் ஒரு துண்டை மறைவான மூலையில் ஒட்டி, ஒரு வாரம் வெயிலில் விட்டு, சூடு காட்டி மெதுவாக உரித்துப் பார்த்த பிறகுதான் மேலே கை வைப்பேன். ஏன் இவ்வளவு பயம் என்று வேலைக்காரர்கள் கேட்பார்கள். நான் சொன்னதில்லை.

"அடுத்த வாரம் பெயிண்டுக்கு விடுறேன் மாமா. முழுக்கச் சொரண்டிட்டுப் புதுசா அடிக்கச் சொல்லிருக்கேன். முடிஞ்சதும் நீங்க பிலிம் ஒட்டிக் குடுங்க. அப்பா கெடுத்து வச்சத நானாச்சும் சரி பண்ணுறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டிராயரைத் திறந்து துண்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். "ஒங்க அப்பா கெடுக்கலம்மா. இழுத்தது நானு" என்றேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம், "நான் கேலி பேசுறப்பல்லாம் நீங்களும் சேந்து சிரிச்சீகளே மாமா" என்றாள். "அன்னைக்குக் கார்ல ஏறும்போது அப்பா கதவத் தொறந்து விட்டாக. நான் அவுக மொகத்தக்கூடப் பாக்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லிருந்தா பாத்திருப்பேன்ல?" அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

துண்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கல்லடி பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னதாக வெளிச்சம் தெரிந்தது. எது எந்த இடத்தில் பட்டது என்று நீ எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது. பச்சைக்கு நடுவில் அந்த ரோஸ் பொட்டு, நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. "அப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது.

போகும்போது துண்டை மடிக்காமல் பக்கத்து சீட்டில் விரித்து வைத்துக்கொண்டாள். "பெயிண்டு அடிக்க வேண்டாம் மாமா. தகரம் தெரியிற எடம் அப்படியே இருக்கட்டும். துரு பிடிக்காம மட்டும் ஏதாச்சும் பண்ணி, மேல பிலிம ஒட்டிக் குடுங்க" என்றாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் வண்டியை என்னிடம்தான் விடப் போகிறாள். வருகிற திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தேதி தப்பாது.

இன்று விருதுநகரில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது முன்னால் ஜல்லி லாரி போனது. ஆமத்தூரில் நிறுத்தினேன். நான் ஓட்டுவது பழைய ஸ்கூட்டர், காப்பாற்றுகிற அளவுக்கு அதில் ஒரு பெயிண்டும் இல்லை. ஆனாலும் நிறுத்தாமல் போக என்னால் முடியவில்லை. சர்க்கரையில்லாத டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். டீ ஆறிவிட்டது. குடி என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் இந்தத் தடவை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

மன்னிச்சிருலே.