யாரும் பிடிக்காத ஏணி

மார்ச் 3, செவ்வாய்

ஏழாவது மாடிச் சாரத்தில் இரண்டு பேர் பெல்ட் இல்லாமல் நின்றார்கள். வேலையை நிறுத்தினேன். மேஸ்திரி முறைத்தார். முறைக்கட்டும். பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்து ஆட்கள் சிரித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தம்பி விஷயம். வேலையை விட்டுவிட்டு நாடகம் எழுதி, தானே இயக்குகிறான். பழைய கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளத் தயார். பதினாறாம் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும். நாடகம் பதினாலாம் தேதி.

"நீ போய்ப் பாரு. எனக்கு நாடகமும் தெரியாது ஒரு மண்ணும் தெரியாது. தேறும்னு நீ சொன்னா விட்டுடறேன். இல்லேன்னா திங்கக்கிழமை நானே கொண்டுபோய் ஆபீஸ் வாசல்ல விட்டுட்டு வரேன்."

"அவன் என்ன சின்னப் பிள்ளையாப்பா?"

"அத அவன் வேலைக்குப் போனப்புறம் கேளு."

மார்ச் 5, வியாழன்

ஒத்திகை பார்த்தேன். மின்விசிறி ஓடினால் வசனம் கேட்காது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புழுக்கம்.

சோக நாடகமாம். கடைசியில் கணவன் சாகிறான். முதல் காட்சியில் என்ன நடக்கிறது? ஒன்றுமில்லை. கணவன் ஏணியில் ஏறிச் சுவரில் கடிகாரம் மாட்டுகிறான். மனைவி துணி மடித்துக்கொண்டே அடுத்த வாரப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறாள். மாமியார் வந்து பெட்டிச் சாவி எங்கே என்கிறாள். சிரிக்கிறார்கள். அவன் இறங்குகிறான். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு வசனமும் காதில் ஏறவில்லை. ஏணிக்கு ஒரு கால் குட்டை. அவன் கை நீட்டும்போதெல்லாம் 'டொக்' என்கிறது. பிடிக்க ஆள் இல்லை. உள்ளங்கை வியர்த்துவிட்டது. எழுந்து கத்தினேன்.

"யாருடா ஏணி வச்சது? கீழ புடிக்க ஆள் வேணாம்?"

கணவனாக நடிப்பவர் பல் டாக்டர். மேலிருந்தே, "பாரு, என் பொண்டாட்டிக்கு இல்லாத அக்கறை உன் அண்ணனுக்கு இருக்கு" என்றார் தம்பியிடம்.

மனைவியாக நடிக்கும் வங்கிக் காசாளர் விடவில்லை. "துணி மடிக்கணும்னுதான் எழுதியிருக்கு. புடிக்கணும்னு எழுதல."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் காதில் வாங்கவில்லை. குட்டைக் காலுக்கு ரப்பர் கட்டை வைத்தேன். மாமியாராக வரும் தையல்கார அக்காவை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். விதி விதிதான்.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடி போனேன். ஏணி ஆடவில்லை. அக்கா இறுக்கிப் பிடித்திருந்தார். அதே வசனம், இந்த முறை எல்லாமே கேட்டது. எனக்குக் கொட்டாவி வந்தது. வியாழனன்று வாசற்படியை விட்டு நகராமல் பார்த்த காவலாளி, பாதியில் மோட்டார் போடப் போய்விட்டார்.

தம்பி என் பக்கமே திரும்பவில்லை. நானே கேட்டேன்.

"என்னடா, காட்சி செத்துப்போச்சே?"

"நீதானே கொன்ன."

"பின்ன? அவரு விழுந்து இடுப்பு ஒடஞ்சா?"

"விழறதுக்கு இல்லண்ணா அந்த ஏணி. அவரு பத்திரமா எறங்கிடுவாரு. எல்லாரும் அப்பாடான்னு மூச்சு விடுவாங்க. அப்புறம்தான் — இவ்வளவு நேரம் நாம ஏன் பயந்தோம்னு தோணும். அந்த வீட்டுல யாரும் ஏணியப் பாக்கல. அவங்க பாக்காததாலதான் நாம பாக்கறோம். மொத்த நாடகமும் அதான்."

"இத அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"உன்கிட்ட யாரு சொல்றது? அப்பாகிட்டயாவது பேசலாம்."

அது சுருக்கென்றது. எழுதி வைக்கிறேன், வேறொன்றுமில்லை.

மார்ச் 9, திங்கள்

அப்பா கேட்டார், "தேறுமா?" "இன்னும் பாக்கணும்" என்றேன். மழுப்பல். என் கீழே வேலை செய்பவன் இப்படிச் சொன்னால் விடுவேனா?

ஏணி தேறினால் காட்சி தேறாது. காட்சி தேறினால் டாக்டர் தேறமாட்டார். நான் எதற்குக் கையெழுத்துப் போடுவது?

மார்ச் 10, செவ்வாய்

கட்டடத்தில் நான் தேடுவது, ஆபத்தாகத் தெரியாத ஆபத்தை. இங்கே வேண்டியது தலைகீழ். இவ்வளவு சின்ன விஷயம் — ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

மார்ச் 11, புதன்

வேலை முடிந்து நேராக அரங்குக்கு. மேடைக்கு அடியில் தவழ்ந்து போனேன். அங்கே ஒரு யுகத்துக் குப்பை. ஏணியின் பின்கால் இரண்டையும் கீல் வைத்து, மேடையின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினேன். முன்பக்கம் ஒரு விரல் அளவு தூக்கும். அதற்கு மேல் தூக்காதபடி எஃகுக் கம்பி, கறுப்புப் பெயிண்ட் அடித்து. ரப்பர் கட்டையை எடுத்து வீசினேன். உச்சியில் ஏறி, ஒரு பக்கமாகத் தொங்கிப் பார்த்தேன். ஆடுகிறது. விழாது.

"விழமாட்டேனே?" என்றார் டாக்டர்.

"நீங்களே விழணும்னு நெனச்சாலும் முடியாது."

தையல்கார அக்காவுக்குத்தான் சந்தோஷம். "நல்லதாப் போச்சு தம்பி. சாவியத் தேடுவேனா, ஏணியப் புடிப்பேனா?"

தம்பி வெளியே போனான். டீ வாங்கிவந்து கொடுத்தான். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

அப்பா மறுபடியும். "நான் சொல்றதா இல்ல. நீங்களே வந்து பாருங்க" என்றேன். திட்டினார். வருகிறாராம்.

மார்ச் 14, சனி

அரங்கம் பாதிக்கு மேல் நிரம்பியது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான்.

டொக். முன்வரிசையில் கிசுகிசுத்துக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்தினார்கள். மேடையில் மனைவி சிரிக்கிறாள், சட்டையை மடிக்கிறாள். டொக். "யாராச்சும் புடிங்களேன்" என்றார் அம்மா. பின்னாலிருந்து ஒருவர் 'உஷ்' போட்டார்.

போல்ட்டின் அளவு எனக்குத் தெரியும். கம்பி எவ்வளவு தாங்கும் என்று தெரியும். நானே இறுக்கியது. இருந்தும் செருப்புக்குள் கால்விரல் மடங்கித்தான் இருந்தது.

டாக்டர் இறங்கினார். அரங்கமே மூச்சு விட்டது. என் முழங்கையை அப்பா பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் கையை எடுக்கவில்லை. கடைசிக் காட்சியில் கணவன் இறந்த செய்தி வரும்வரை எடுக்கவில்லை.

வெளியே வந்து, தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

"அண்ணா, என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் யாரும் நாடகப் பேச்சே எடுக்கவில்லை. தம்பி ஆபீஸ் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறான். சவரம் செய்துகொண்டிருந்த அப்பா, கண்ணாடியைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார்:

"அந்த டாக்டருக்குக் குடும்பம் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு பொண்ணுங்க."

"ம்."

மார்ச் 16, திங்கள்

நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தம்பியை எழுப்பப் போனார்.

"எதுக்கு எழுப்பற? தூங்கட்டும்" என்றார் அப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"கம்பெனிக்கு?"

"நேத்தே போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.