யாரென்று கேட்காதே

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலந்தானே? ஒரு செய்தி சொல்கிறேன், பதறாதே. வீடு மாற்றும் வேலையில் பலசாலிதான் கீழ்ப்படியில் நின்று தாங்கவேண்டும், அது எங்கள் முறை. போன வாரம் இரும்பு பீரோவை மாடியிலிருந்து இறக்கும்போது மேலே பிடித்தவனுக்குக் கை வழுக்கிவிட்டது. பீரோவின் முனை என் நெஞ்சில் வந்து இடித்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஒரு எலும்பும் முறியவில்லை. இதயத்தையும் பார்க்கவேண்டும், ஒருநாள் படு என்றார் டாக்டர். எலும்பே உடையவில்லை, இதயத்துக்கு என்ன வந்தது? கிளம்பி வந்துவிட்டேன். பீரோ நசுங்கியதில் முதலாளிக்குத்தான் வருத்தம்.

ஒரே தொல்லை, படுத்தால் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் ஆளில்லை.

உன் தடியன்

ஜனவரி 15

அன்புள்ள தடியா,

பீரோவோடு மல்லுக்கட்டி ஜெயித்தவன் நீ ஒருத்தன்தான். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். தட்டுவது பக்கத்து அறைக்காரனின் சேட்டையாக இருக்கும். சின்ன வயதில் எவன் தட்டினாலும் ஓடிப்போய்த் திறப்பாய், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. "யாரு"ன்னு கேட்டுட்டுத் திற.

அக்கா

ஜனவரி 27

அக்கா,

கேட்டேன். பதிலே இல்லை. அறையை மாற்றினேன், தட்டலும் கூடவே வந்துவிட்டது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு தடதடவென்று. கூடத் தங்கியிருக்கும் பெயின்டர் அண்ணன், "எனக்கு ஒண்ணும் கேக்கலையேடா" என்கிறார். பயமாக இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியிலேயே தூங்குகிறேன். ஷூ வேறு கடிக்கிறது. இந்த வயதில் கால் வளருமா என்ன?

தடியன்

பிப்ரவரி 4

தம்பி,

இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. உன் கடிதத்தை எதிர்வீட்டு நர்ஸிடம் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "கால் வளரலக்கா, வீங்குது. தட்டுறது கதவும் இல்ல, அவர் நெஞ்சு" என்றாள். எலும்பு உடையாமலே இதயம் அடிபடுமாம். அடுத்த தட்டல் கேட்டால் கதவுக்குப் போகாதே, நெஞ்சில் கை வை. எனக்குச் சோறு இறங்கவில்லையடா.

அக்கா

பிப்ரவரி 13

அக்கா,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், தட்டலும் துடிப்பும் ஒன்றாகவே அடித்தன. உள்ளே வால்வு கிழிந்து, இதயம் களைத்துவிட்டதாம். நாளை ஆபரேஷன். இத்தனை நாள் வாசலில் எவனையோ தேடிக்கொண்டிருந்தேன் பார், முட்டாள். தேறியதும் நேரே உன் வீட்டுக்குத்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து தட்டுவேன். யாரென்று கேட்காதே, திற.

உன் தடியன்

மார்ச் 2

என் தடியா,

உன் ஷூவைப் பெயின்டர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். ஆபரேஷன் மேஜையிலேயே உன் இதயம் நின்றுவிட்டது என்று சொல்லி அழுதார். நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. அவ்வளவு தட்டியதே, எனக்கு ஏன் புரியவில்லை? இதை எந்த விலாசத்துக்குப் போடுவது என்று தெரியாமல் உன் பழைய அறைக்கே அனுப்புகிறேன்.

நேற்று கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாமா "யாரு?" என்று குரல் கொடுக்க வாயெடுத்தார். அவர் வாயைப் பொத்திவிட்டு நானே ஓடிப்போய்த் திறந்தேன்.

காற்றுதான். ஆனாலும் கதவை நான் சாத்தவில்லை.

அக்கா