வியாழன் மதியம், சும்மா

மார்ச் 4, திங்கள்

மேடம் இன்று ஒரு தலைவலியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இந்த வருஷம் அலுவலகத்துக்கு ஒரே ஒரு மென்பொருள்தான் வாங்க முடியுமாம். ஒன்று, நாங்கள் வரையும் செயலிகளுக்கு மாதிரி செய்வது. நிஜச் செயலி பிறக்கும் முன்பே பொத்தானைத் தொட்டுப் பார்க்கலாம், பக்கம் நகரும். மற்றது, எங்கள் ஒன்பது பேரில் யார் எந்த வேலையில் இருக்கிறார்கள், யாருக்குக் கை காலி என்று ஒரே பலகையில் காட்டுவது. இரண்டையும் மாதக் கடைசி வரை இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம்.

"எதுன்னு நீயே சொல்லிடு. நீ சொல்றதைத்தான் வாங்குவேன்" என்றார், தலைமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடியபடி.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாதிரிதான். நாலு வருஷமாக அசையாத படங்களைக் காட்டி, "இங்க தொட்டா அடுத்த பக்கம் வரும்னு வெச்சுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேய்ந்தது. போன மாதம் ஒரு வாடிக்கையாளர், "இன்னும் எவ்ளோதான் வெச்சுக்கறது?" என்று எழுந்தே போய்விட்டார்.

மார்ச் 5, செவ்வாய்

முதலாவதுக்கு மேகம், இரண்டாவதுக்கு வாத்தியார் என்று பெயர் வைத்தாயிற்று. வாத்தியாரைத் திறக்கவே இல்லை.

மார்ச் 7, வியாழன்

மேகத்துக்குள் போனால் வெளியே வரத் தோன்றவில்லை. வங்கிச் செயலிக்கு ஒரு பக்கம் செய்ய உட்கார்ந்தவள், எப்போது எங்கள் வீட்டு முன்னறையை வரைய ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. திரைச்சீலையைத் தொட்டால் விலகுகிறது, மதிய வெயில் தரையில் மெல்லப் பரவுகிறது. கெட்டிலைத் தொட்டால் ஆவி. நாற்காலியைத் தொட்டால் அதில் ஒருவர் வந்து உட்காருகிறார். யார்? இவர்தான், வேறு யார். கடைசிப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தேன். அது எங்கே போக வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

நிஜத்தில் நாங்கள் படிக்கட்டில் குடும்பம் நடத்துகிறவர்கள். இவருக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நான் ஏறும்போது இவர் இறங்குவார். இன்றும் அப்படித்தான். "முட்டை வேக வெச்சிருக்கேன்" என்றார். இரண்டு படி இறங்கித் திரும்பி, "அந்த நைட் விஷயம் யோசிச்சியா?" என்றார். நிரந்தரமாக இரவு வேலைக்கே வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் எழுதித் தர வேண்டும்.

"அப்புறம் பேசலாங்க" என்றேன். முட்டை இன்னும் சூடாக இருந்தது.

மார்ச் 11, திங்கள்

வேறு வழியில்லாமல் வாத்தியாரைத் திறந்தேன். எடுத்த எடுப்பிலேயே ஆட்களைக் கேட்கிறார், அவரவர் மின்னஞ்சலோடு. அலுவலகத்தில் இருப்பவர்களைப் போட்டால் வேவு பார்க்கிறேன் என்று நினைப்பார்களே என்று, பழகிப் பார்க்க இரண்டே பேரைப் போட்டேன். நான், இவர். நேரத்தைக் குறிக்க எனக்கு நீலக் கட்டை, இவருக்கு ஆரஞ்சு. இவர் ஷிப்ட் எனக்கு மனப்பாடம். தூக்கத்தையும் விடாமல் போட்டேன்.

பிறகு முழு மாதத்தையும் ஒரே திரையில் பார்த்தேன்.

நீலம் முடிகிற இடத்தில் ஆரஞ்சு தொடங்குகிறது. இரண்டு பேரும் விழித்திருந்து, வீட்டிலும் இருக்கும் நேரம் — தேட வேண்டியிருந்தது. விளையாட்டாக ஆரஞ்சு முழுவதையும் இரவுக்குத் தள்ளிப் பார்த்தேன். நான் வருவதற்குள் இவர் கிளம்பிவிடுவார், படிக்கட்டுகூட இல்லாமல் போய்விட்டது. ஐயோ, இதைப் போய் அப்புறம் பேசலாம்னு சொன்னேனே! எந்த அப்புறம்? எங்க இருக்கு அது?

சும்மா இருக்க முடியாமல், வியாழன் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை எங்கள் இருவர் மேலும் ஒரு பச்சைக் கட்டையை இழுத்துவிட்டேன். அன்று இவருக்கு மதிய டியூட்டி, எனக்கு வாடிக்கையாளர் சந்திப்பு. இருந்தால் என்ன, நிஜமா நடக்கப் போகிறது? வேலையின் பெயர் என்ன என்று கேட்டது. 'சும்மா' என்று எழுதிச் சேமித்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

மானம் கப்பலேறிவிட்டது. சேமித்த கையோடு வாத்தியார் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுவாராம். கணக்கு மேடம் பெயரில் இருப்பதால் மேடத்துக்கும்.

"'சும்மா'ன்னு ஒரு ப்ராஜெக்ட் வந்திருக்கே, யாரு கிளையண்ட்?" என்று அறை நடுவில் நின்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தனியாகக் கூட்டிப் போய் உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "ம்" என்றார். போய்விட்டார்.

மாலையில் அழித்துவிடலாம் என்று திறந்தால், இவர் பெயருக்குப் பக்கத்தில் ஏற்றுக்கொண்டதாக ஒரு டிக். கீழே குறிப்பு வேறு: 'டியூட்டி மாத்திக்கிட்டேன். என்ன வேலை? நான் ஏதாவது கொண்டு வரணுமா?'

அழிக்கக் கை வரவில்லை.

மார்ச் 13, புதன்

நாளைய சந்திப்பு வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டது. மேடம் முகத்தில் சிரிப்பே இல்லை. "பலகையில அந்த நேரம் நீ பிஸின்னு இருக்கு. அங்க போய் நான் எப்படி மீட்டிங் போடறது?"

மார்ச் 14, வியாழன்

மேகத்தில் வரைந்தது ஒன்று, நடந்தது ஒன்று. திரைச்சீலை பாதியில் சிக்கிக்கொண்டது. கெட்டிலில் தண்ணீர் இல்லை. இவர் நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனார், வாயை லேசாகத் திறந்துகொண்டு. எனக்குக் கோபம் வரவில்லை. வெயில் இவர் முழங்கால்வரை ஏறி, சட்டைப் பொத்தான்களைத் தொட்டு, மோவாய்க்கு வந்தது. காதோரம் எப்போது இவ்வளவு நரைத்தது? பார்த்துக்கொண்டே இருந்தேன். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிப் போகும் சத்தம் தூரத்தில் கேட்டபடியே இருந்தது. நானும் பாதித் தூக்கத்தில்தான் இருந்திருப்பேன்.

விழித்ததும், "நைட்டுக்கு சரின்னு எழுதிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஏன்?"

"நீ ஒண்ணுமே சொல்லலையே. நான் பகல்ல தூங்கினா நீ செருப்பைக் கையில தூக்கிட்டு நடக்கற. பாத்திருக்கேன். இப்படியே எத்தனை நாள் அல்லாடுவ? ஒரேடியா நைட்டுன்னா உனக்காவது நிம்மதி."

"செருப்பைத் தூக்கினது நீங்க தூங்கணும்னு. நீங்க இருக்கறது தொந்தரவுன்னு இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"வேணாம்னு சொல்லுங்க. எனக்கு நைட் பிடிக்கல."

"அவ்ளோதானா? இதைச் சொல்ல ஒரு மென்பொருள் வேண்டியிருந்துச்சா உனக்கு?" என்று சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சிரித்தார்.

மேகத்தில் செய்த முன்னறையைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கடைசிப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். "இது எங்க போகுது?" தெரியலை என்றேன்.

மார்ச் 18, திங்கள்

படிக்கட்டில்: "வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

மார்ச் 22, வெள்ளி

இன்று தைரியமாக ஒன்பது பேரையும் வாத்தியாரிடம் ஒப்படைத்தேன். ஐகான் வரைகிறவர் ஒருவர் இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் 'ஆகட்டும்' என்பார். அதனால் அவர் பெயரே ஆகட்டும் ஆகிவிட்டது. அவர் வரிசையில் மூன்று கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று, எல்லா நாளும். அதில் இரண்டை ஆகட்டும் தலையில் கட்டியது நான்தான்.

ஆனாலும் மேகத்தை விட மனம் வரவில்லை. இரவு கண்ணை மூடினால் பக்கங்கள் தானாக நகர்கின்றன.

மார்ச் 28, வியாழன்

வாத்தியார் என்று சொல்லிவிட்டேன்.

"உனக்கு மத்ததுதானே உசிரு?" என்றார் மேடம்.

"உசிருதான் மேடம். ஆனா வெச்சுக்கோங்கன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. ஆகட்டும் எப்பவாவது வாயைத் திறந்து முடியலைன்னு சொல்லி இருக்காரா?" என்னைப் பற்றியும், இவரைப் பற்றியும் சேர்த்துத்தான் சொன்னேன். மேடத்துக்குப் புரிந்திருக்கும்.

சாயங்காலம் கடைசியாக ஒரு முறை திரைச்சீலையைத் தொட்டேன். விலகியது. துக்கமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். நாளையிலிருந்து பக்கங்களைக் காகிதத்தில் வெட்டி வைத்துக் கையால் நகர்த்த வேண்டியதுதான்.

பத்துப் பேருக்குக் குறைந்து வாத்தியாரை விற்க மாட்டார்களாம். நாங்கள் ஒன்பது பேர். "உன் வீட்டுக்காரர் பேரை எடுக்காத. இடம் சும்மாதானே கிடக்கு" என்றார் மேடம், கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

ஏப்ரல் 4, வியாழன்

காலையில் பலகையைத் திறந்தேன். ஆகட்டும் வரிசையில் இப்போது ஒரே ஒரு கட்டை.

என் வரிசையில், இன்று இரண்டு மணிக்கு ஒரு பச்சை. அடுத்த பக்கத்துக்குப் போனேன், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. வருஷக் கடைசி வரை நகர்த்திக்கொண்டே போனேன், இருந்துகொண்டே இருந்தது. ஒன்றைக்கூட நான் போடவில்லை.

வேலையின் பெயர்: சும்மா. இடம் என்று ஒரு கட்டம் உண்டு, நாங்கள் யாரும் அதை நிரப்புவதில்லை. இவர் நிரப்பியிருந்தார்: 'படிக்கட்டு இல்லை.'